கடலுக்குள் ஒரு பச்சை முகமூடி

சிங்தாவ், ஜூலை 28

ஜீனானில் இருக்கும் அன்புள்ள சித்திக்கு,

வென்லான் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் கன்னத்தில் கரும்புள்ளி வந்ததிலிருந்து வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவோ கடலை விடுவதாக இல்லை. கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை வைத்துத் தலையோடு மாட்டும் நீச்சல் முகமூடியை இங்கே எல்லாப் பெண்களும் போடுகிறார்கள். தனக்கு ஆரஞ்சுத் துணியில் அம்மா தானே தைத்தாள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த பச்சைத் துணியில் பக்கத்து வீட்டு கோங் அத்தைக்கு ஒன்று, யன்தாயிலிருக்கும் என் வருங்கால மாமியார் லுவான் அம்மாவுக்கு ஒன்று. வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுவான் அம்மா கல்யாணம் பேச வருவதாக ஏற்பாடு. காலையில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பச்சை முகமூடியைப் பார்த்த அம்மா, கோங் அத்தை என்று நினைத்து லுவான் அம்மாவைப் பற்றிக் கொட்டித் தீர்த்திருக்கிறாள்: "முப்பது வயசுப் பையனுக்கு இன்னும் சாக்ஸ் துவைச்சுப் போடுறாளாம்டீ! கல்யாணம் ஆனதும் பெட்டியோட வந்து உக்காந்துக்குவா, பாரு." பச்சை முகமூடி தலையை மட்டும் ஆட்டியதாம்.

மதியம் லுவான் அம்மா வந்து உட்கார்ந்ததும், "உங்களத்தான் காலையிலேயே பாத்துட்டேனே, சம்பந்தி!" என்று சிரித்தபடி பையிலிருந்து பச்சை முகமூடியை எடுத்தார். அம்மா உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் தன் ஆரஞ்சு முகமூடி. "இந்த மூஞ்சிய எப்படிக் காட்டுவேன்? சாக்ஸ் பத்திச் சொன்னது, பெட்டியோட வருவீங்கன்னு சொன்னது, எல்லாம் வாய் தவறி வந்தது, சம்பந்தி" என்று ஒன்றுவிடாமல் மன்னிப்புக் கேட்டாள். என் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். லுவான் அம்மா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் முகமூடியையும் மாட்டிக்கொண்டார்.

"சாக்ஸ் துவைக்கிறது நெசந்தான். ஆனா பெட்டியோட வரமாட்டேன். ஆப்பிள் தோட்டத்த யாரு பாக்குறது?"

இருவரும் முகமூடியோடே கொழுக்கட்டை சாப்பிட்டார்கள். "இப்ப யாராச்சும் கதவத் தொறந்தா, கொள்ளைக் கூட்டம்னு போலீஸக் கூப்பிடுவாங்க" என்றார் அப்பா. அக்டோபரில் கல்யாணம். கடல் சேர்த்துவைத்த சம்பந்தம் என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். வெயிலில் தொப்பியில்லாமல் மீன் பிடிக்கப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வென்லான்

பி.கு.: இப்போதுதான் நான் கட்டிக்கொள்ளப்போகும் ஹாய்போ போன் செய்தார். அவர் அம்மாவுக்கு நீச்சலே தெரியாதாம். பதினோரு மணி ரயிலில்தான் வந்து இறங்கினாராம். அவர் காலையில் பார்த்தது, நான் அனுப்பிய, முகமூடி போட்ட என் அம்மாவின் போட்டோவைத்தான். கடலில் தலையாட்டியது கோங் அத்தையேதான். சாக்ஸ் விஷயம் லுவான் அம்மாவுக்குத் தெரிந்ததே மன்னிப்புக் கேட்டபோதுதான். "உங்க அம்மாவ அடுத்த தடவையும் முகமூடியோடயே வரச் சொல்லும்மா, மிச்சத்தையும் கேக்கணும்" என்று லுவான் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.