எக்ஸம்ஷன் அண்ணன் கார் வாங்கிய கதை

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று விசாரியுங்கள். தள்ளுபடி, சலுகை, எக்ஸம்ஷன் என்கிற வரிவிலக்கு, இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் எக்ஸம்ஷன் அண்ணன் ஒரு குண்டூசி வாங்கியதாகக்கூட ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனிதர் தன் கல்யாணத்தையே ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டவர். இந்துக்கள் வீட்டில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைக்கும், வேதக்காரர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று கணக்குப் போட்டவர். சமையல்காரரும் சும்மா இருந்ததால் பாயசம் இலவசமாக வந்ததாம். இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்தப் பாயசத்தைப் பற்றிப் பேசுவார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

துறைமுக மதிலுக்கு எதிர்ச் சந்தில், மாடியில், ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினான்கு வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து களைத்தவன் நான். கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் தாக்கல் செய்து, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இன்ன சரக்குக்கு இன்ன நிபந்தனையின் பேரில் வரி குறைவு என்று அரசாங்கம் அவ்வப்போது அறிவிப்பு போடும். நோட்டிபிகேஷன் என்போம். நாங்களெல்லாம் தேவைப்படும்போது அதைத் தேடுவோம். அண்ணன் காலை ஜெபம் முடிந்த கையோடு அதைத்தான் படிப்பார்.

ஒரு பார்ட்டி வாலிபால் வலை பின்ன ஓர் இயந்திரம் வரவழைத்தார். இது மீன்வலையும் பின்னும், மீன்வலை என்றால் வரி குறைவு என்று அண்ணன் மூன்று நாள் அதிகாரியிடம் வாதாடி ஜெயித்தார். ஜெயித்த பிறகு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு அந்த மனிதர் மீன்வலைதான் பின்ன வேண்டியதாயிற்று. முதலில் அழாத குறை. இப்போது காசிமேட்டில் அவருக்கு நல்ல வியாபாரம்.

டீக்கடையிலும் அதே வழக்குத்தான். சர்க்கரை வியாதி வந்தபிறகு, சர்க்கரை போடாத டீக்குச் சர்க்கரைக் காசைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று பாயிடம் ஒரு வாரம் சட்டம் பேசினார். பாய் தாங்க முடியாமல் தினமும் ஒரு பிஸ்கட் கொடுத்து ராஜியானார். அந்த பிஸ்கட்டில் இருந்த சர்க்கரையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கார் வாங்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஆசையில் வந்த கட்டாயம் இல்லை. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். தினமும் அண்ணனின் பழைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவார். அந்தச் சாலையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். நிற்கிற லாரி எஞ்சினை அணைக்காது. அக்காவுக்கு வீசிங். ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பரீட்சைத் தாள், ஒரு கையில் இன்ஹேலர் என்று அவர் போவதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒன்று கண்ணாடி ஏற்றிய வண்டியில் போக வேண்டும், இல்லை, வேலையை விட வேண்டும். அக்காவுக்கு அந்த இரண்டாம் வகுப்புதான் உயிர். பிள்ளைகள் இல்லாத வீடு.

புகைக்குப் பயந்து கார் வாங்குகிறவன் புகை விடுகிற காரையா வாங்குவான் என்று அண்ணன் மின்சாரக் காரை முடிவு செய்தார். நல்ல மனசு என்று நினைத்தோம். மறுநாள் அவர் மேஜைமேல் ஒரு கோப்பு முளைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி குறைவு. ரோடு டாக்ஸை மாநில அரசு தள்ளுபடி செய்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கார்க் கடனுக்குக் கட்டுகிற வட்டியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அண்ணன் முகத்தில் அப்படியொரு ஒளியை நான் ஈஸ்டர் பூசையில்கூடப் பார்த்ததில்லை.

அன்று தொடங்கியது என் சனிக்கிழமைகளின் நாசம். துணைக்கு வா என்று ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போவார். இருக்கிறதிலேயே விலை குறைந்த சின்னக் கார் ஒன்று அங்கே நின்றது. அக்காவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வர அது தாராளமாகப் போதும். அண்ணன் அதைச் சுற்றி வந்து, பாட்டரி எந்த நாட்டில் செய்தது, அதற்கு மூல நாட்டுச் சான்றிதழ் உண்டா, எந்த வரித் தலைப்பில் வகைப்படுத்தி இறக்கினார்கள் என்று விற்பனைப் பெண்ணைக் கேட்பார். கலர் காட்டத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மாதம் எங்களைக் கண்டதும் மேனேஜர் சாப்பிடப் போய்விடுவார். ஆறாவது மாதம் வாட்ச்மேன், ஷோரூம் ஆட்கள் என்றே நினைத்து எங்களுக்கு சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். ஓட்டிப் பார்க்கிற சாக்கில் நாங்கள் அந்தக் காரில் காட்டுப்பள்ளி வரை போய் வந்திருக்கிறோம். அண்ணன் வழியில் மீன் வாங்கியதும் உண்டு.

கார் வருவதற்கு முன்பே மற்றதெல்லாம் வந்துவிட்டது. எங்கேயோ தள்ளுபடியில் சார்ஜர் வாங்கிப் பெட்டியோடு வீட்டில் வைத்தார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அதன்மேல்தான் குடில் ஜோடித்தார்கள். வண்டி வந்ததும் ஜெபம் சொல்லி மந்திரிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் வண்டி வந்துவிட்டதா என்று கேட்டுச் சலித்து, மாற்றலாகியும் போய்விட்டார்.

இப்போது எல்லாவற்றையும் கெடுத்த அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். வட்டிக் கழிவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மார்ச் கடைசிக்குள் வங்கி கடனை அனுமதித்திருக்க வேண்டும். வங்கியில் எல்லாம் தயார். மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த நேரத்தில், கொஞ்சம் இருங்கள் என்று நிறுத்தியவர் சாட்சாத் எக்ஸம்ஷன் அண்ணன்.

காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு வராது. கஸ்டம்ஸ் சலுகைகளில் பாதி மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிற மாதிரிதான் இருக்கும். கடைசி நேரத்தில் இன்னும் ஒரு வருடம் என்று நீட்டித்துவிடுவார்கள். சில சமயம் பழையதைவிட நல்லதாகவும் வரும். அவசரப்பட்டு முதல் நாள் காகிதம் தாக்கல் செய்தவன் மறுநாள் தலையில் அடித்துக்கொள்வான். இருபது வருடமாக இதைப் பார்த்துப் பழகியவர் வருமான வரியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

"பொறு நைனா. ஸ்டேட்ல ரோடு டாக்ஸ நீட்டிட்டான்ல. இவனும் நீட்டுவான். நீட்டும்போது இன்னும் கொஞ்சம் சேத்துப் போடுவான், பாத்துகினே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏப்ரல் பிறந்தது. யாரும் எதையும் நீட்டவில்லை.

வேறொருவராக இருந்தால் போனது போகட்டும் என்று காரை வாங்கியிருப்பார். அண்ணன் அடுத்த பட்ஜெட்டுக்குக் காத்திருந்தார். அதற்கடுத்த பட்ஜெட்டுக்கும் காத்திருந்தார். புது வரி முறைக்கு மாறினால் வரி குறையும் என்று ஆபீஸே மாறியபோது, கழிவு திரும்ப வந்தால் பழைய முறையில் இருப்பவனுக்குத்தான் கிடைக்கும் என்று இவர் மட்டும் பழையதிலேயே இருந்தார். வராத சலுகைக்காக வருடா வருடம் கூடுதல் வரி கட்டிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பட்ஜெட் நாளில் நாங்கள் டிவியை அணைத்து வைப்போம். அவ்வளவு அலுத்துவிட்டது. அக்கா ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார், கைக்குட்டை மட்டும் கனமான துண்டாக மாறியிருந்தது.

ஒரு நாள் மாட்டக்கூடாத இடத்தில், லாரி வரிசைக்கு நடுவில் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வர வழியில்லை. முக்கால் மணி நேரம். இன்ஹேலர் தீர்ந்துபோய், அக்காவுக்கு உதடு நீலமாகி, லாரி டிரைவர்கள் நான்கு பேர் இறங்கி ஸ்கூட்டரை அப்படியே தூக்கிச் சந்துக்குள் இறக்கி வழி விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடினேன். ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு காகிதத்தை அண்ணனிடம் நீட்டினார். விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம்.

"எல்லாப் பேப்பரும் நீதான படிச்சுப் பாக்குற. இதையும் பாத்துக் குடு."

அண்ணன் படித்தார். ஒரே ஒரு பக்கம்தான். வெகுநேரம் படித்தார். பிறகு, ஜூலை வரைக்கும் பார்க்கலாம், அப்போது பட்ஜெட் மாதிரி ஏதோ வருகிறது என்று அவர் ஆரம்பித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நா மூச்சு வுடறதுக்கும் நோட்டிபிகேஷன் வரணுமா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எனக்குக் காபி போட எழுந்து போனார். அண்ணன் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. ஷோரூமுக்குப் போக முதல் தடவையாக அரை நாள் லீவு போட்டார். என்னையும் போட வைத்தார். ஷோரூம் வாட்ச்மேன், இன்றைக்கு என்ன சார் கிழமை மாறி வந்திருக்கிறீர்கள் என்றார். விற்பனைப் பெண் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதற்கும் தயாராக உட்கார்ந்தாள்.

அண்ணன் அந்தச் சின்னக் காரைக் காட்டி, இதை எத்தனை நாளில் தருவாய் என்று மட்டும் கேட்டார். வெள்ளையாக இருந்தால் பதினைந்து நாள், ஸ்டாக்கில் இருப்பது என்றால் ரிஜிஸ்டர் ஆனதும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது யாரும் கேட்காத ஒரு மஞ்சள் என்றாள் அவள். மஞ்சளே இருக்கட்டும் என்றார். பழக்கப்பட்டவள் இல்லையா, அவளாகவே சொன்னாள்: பழைய ஸ்கூட்டரைக் கொடுத்தால் ஒரு தள்ளுபடி உண்டு, கம்பெனி ஊழியர் என்று கடிதம் கொண்டுவந்தால் இன்னொன்று உண்டு.

"அது வர எத்தினி நாள் ஆவும்மா?"

"ஹெட் ஆபீஸ் அப்ரூவல் சார். நாலு நாள்."

"வேணாம்."

எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. அவள் பயந்துபோய் உள்ளே மேனேஜரைக் கூப்பிட ஓடினாள். மனிதருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று வந்த மேனேஜர் என்னைத்தான் கேட்டார். பில்லில் போட்ட தொகையை அண்ணன் ஒரு தடவைகூடத் தட்டிக் கேட்கவில்லை. ரோடு டாக்ஸ் தள்ளுபடி மட்டும் கேட்காமலே கிடைத்தது. அதைச் சொன்னபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் இந்த மனிதரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அக்கா பள்ளிக்கூடம் திரும்பினார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன். வழக்கம்போல லாரிகள் வழியை அடைத்து நின்றன. கண்ணாடிகளை ஏற்றியாகிவிட்டது. முன் சீட்டில் அக்கா மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் பாட்டு போடச் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வண்டி சத்தமே இல்லாம கீது நைனா. இவ மூச்சு வுடறது எனக்குக் கேக்குது."

அக்கா நிமிராமல் ஒரு நோட்டில் சரி போட்டார். வரிசை நகர அரை மணி நேரமானது. பதினான்கு வருடத்தில் அண்ணனோடு உட்கார்ந்து எனக்கு அலுக்காத அரை மணி நேரம் அது ஒன்றுதான்.