பைல் இருக்கு, மேளம் எங்கே?

சமதரையில் பிறந்து வளர்ந்தவர்கள் மலையைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது. நான் பேசினேன். அதுவும் நேபாளத்தில் இருந்துகொண்டு, ஒரு நேபாளியிடமே பேசினேன்.

"மலை ஏறுறது பெரிய விசயமே, அண்ணை? நாங்கள் வட்டக்கச்சியில இருந்து சைக்கிளில போய் இரணைமடுக் குளக்கட்டில ஏறி இறங்கிறனாங்கள்" என்றேன். (அந்தக் கட்டு எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

அண்ணை என்றது பிரேம் அண்ணையை. ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்க நான்கு மாதம் தொண்டராகப் போயிருந்தேன். அவருடைய வீட்டில்தான் தங்கியிருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பின்னேரங்களில் அவர் முற்றத்தில் உட்கார்ந்து மாதல் வாசிப்பார். மாதல் என்பது மடியில் கிடத்தி இரண்டு கையாலும் வாசிக்கிற மேளம், மிருதங்கத்தின் தம்பி மாதிரி இருக்கும். அது அவருடைய தகப்பன் வாசித்தது. அவர் வாசிக்க, மனைவி குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே பாடுவா. நான் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஏங்கும். (என் நேபாளி மொழியும் அவர் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துத்தான் நடந்தன. அதனால் அவர் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.)

அங்கே சனிக்கிழமைதான் விடுமுறை. ஒரு சனிக்கிழமை மலையுச்சியில் இருந்த அவருடைய அக்காவின் ஊரில் பாட்டுப் போட்டி. இரண்டு ஊர்க்காரர் எதிரெதிரே இருப்பார்கள். ஒரு பக்கம் ஒரு வரி பாடினால் மற்றப் பக்கம் உடனே பதில் வரி கட்டிப் பாட வேண்டும். பதில் வராத பக்கம் தோற்றது. அதற்கு முந்தின வருசம் பிரேம் அண்ணை காய்ச்சலில் படுத்துவிட்டார். மேளம் இல்லாமல் அக்காவின் பக்கம் தோற்று, பக்கத்து ஊர் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் சிரித்ததாம்.

"இந்த முறை விடமாட்டன்" என்றார். "நீரும் வாரும், தங்கச்சி. மேல போனால் பனிமலையும் தெரியும்."

பனிமலை! போட்டோ அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "பைலைக் கொண்டுபோறியோ?"

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் பொலித்தீனில் சுற்றின ஒரு பைல் இருக்கும். சண்டைக் காலத்தில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோமோ, அத்தனை தரமும் அம்மா அந்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தா. எனக்கும் அதே பழக்கம். வீட்டை விட்டு இறங்கினால் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். பைல் கையில் தட்டுப்பட்டால் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் காணிப் பத்திரத்தின் போட்டோக்கொப்பி நேபாளம் வரை வந்தது அப்படித்தான்.

ஆகவே ஒரு நாள் மலையேற்றத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை: பைல், இரண்டு கிலோ அரிசி, ஒரு அலுமினியப் பானை, உப்பு, சீனி, நெருப்புப் பெட்டி, மெழுகுதிரி, படுக்கை விரிப்பு. பிரேம் அண்ணை என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, மேல குடியேறப் போறீரோ?"

"ஒன்றும் சொல்லேலாது, அண்ணை. பாதை மூடினால் என்ன செய்யிறது?"

அவர் அக்காவுக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கு சுமந்தார். கூடையின் பட்டி அவருடைய நெற்றியில் கிடந்தது. அதனால் மாதலை என் தோளில் மாட்டிவிட்டார். "பத்திரம்" என்றார். ஒரே ஒரு சொல்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஐம்பதாவது கற்படி வரை இருந்தது. அதற்குப் பிறகு மூச்சு எனக்கு முன்னால் போனது, நான் பின்னால் போனேன். புல்லுக்கட்டோடு ஒரு பெண் என்னைத் தாண்டி மேலே போனா. கொஞ்சத்தில் வெறுங்கையோடு கீழே வந்தா. அடுத்த புல்லுக்கட்டோடு திரும்பவும் என்னைத் தாண்டினா. மூன்றாம் தரம் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னா. எனக்கு வணக்கம் சொல்ல மூச்சு இல்லை.

பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பை, மேளம், மானம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு மர வாங்கில் சரிந்தேன். முகில் இறங்கத் தொடங்கியது. "கெதியா வாரும்" என்று பிரேம் அண்ணை கூடையோடு முன்னால் நடந்துவிட்டார். நான் பையைத் தூக்கினேன். வழக்கம்போலக் கையை விட்டுப் பார்த்தேன். பைல் இருக்கு. அப்ப எல்லாம் இருக்கு. நடந்தேன்.

மூன்று மணித்தியாலப் பாதையை ஐந்து மணித்தியாலத்தில் முடித்து உச்சிக்குப் போனபோது இரண்டு ஊரும் எதிரெதிரே தயாராக இருந்தன. பிரேம் அண்ணையின் அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தா. அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் தோளைப் பார்த்தார். மற்றத் தோளையும் பார்த்தார்.

"மேளம் எங்க?"

ஐயோ! பதறிப்போய்ப் பையைத் திறந்து நான் வெளியே எடுத்தது என்ன தெரியுமா? பைல். அதை அவரிடம் நீட்டவும் செய்தேன்.

அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஊரில் வேறு மேளமும் இல்லை, போய் எடுத்துவர நேரமும் இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். கடைசி இடப்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டியில் இடமில்லை என்று அம்மா அப்பாவின் மிருதங்கத்தை இறக்கி வைக்கச் சொன்னா. அப்பா அதைப் போர்வையால் மூடி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து இப்படித்தான் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, சுவரும் இல்லை. பிறகு அப்பா வேறு மிருதங்கம் வாங்கவே இல்லை. கதிரை, தகரம், சோற்றுப் பானை, எது அகப்பட்டாலும் அதில் தாளம் போடுவார்.

பானை!

அழுதுகொண்டே பானைக்குள் இருந்த அரிசியை விரிப்பில் கொட்டினேன். பானையைக் கவிழ்த்து மடியில் வைத்து, அப்பா குசினியில் தட்டுகிற மாதிரித் தட்டினேன். எதிர்ப்பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நிமிடம் பொறுத்த பிரேம் அண்ணை என் அடியின் அழகைத் தாங்க முடியாமல் எழும்பி வந்து, பானையின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அடியில் அவர், விளிம்பில் நான். பானை பேசத் தொடங்கியது.

எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி உடனே வரி கட்டினா: உங்கள் ஊர் மேளத்தில் சோறு வேகுமோ?

பிரேம் அண்ணையின் அக்கா என் அரிசியை ஒரு பிடி அள்ளிக் காட்டியபடி பதில் பாடினா: வேகும், அரிசியும் கொண்டுவந்திருக்கிறம், தோற்றுப்போட்டு வந்து சாப்பிடுங்கோ!

மலையே சிரித்தது. எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்குச் சிரிப்பில் குரல் எழும்பவில்லை, பதில் வரவில்லை. வென்றுவிட்டோம். பிரேம் அண்ணை பானையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார்.

பாட்டின் நடுவில் முகில் விலகிப் பனிமலை முழுதாகத் தெரிந்ததாம். எல்லோரும் "பார், பார்" என்று கத்தினார்களாம். நான் தாளம் பிசகக்கூடாது என்று குனிந்தே இருந்தேன். நான்கு மாதத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பிறகு வரவே இல்லை. என்னிடம் இருக்கும் ஒரே போட்டோவில் பானையும் நானும் பின்னால் வெள்ளை முகிலும்தான்.

இறங்கும்போது மாதல் தேத்தண்ணிக் கடையில் துணியால் மூடியபடி பத்திரமாக இருந்தது. பிரேம் அண்ணை அதைத் தானே மாட்டிக்கொண்டு, "நீர் பைலைக் கொண்டுவாரும்" என்றார்.

மறுநாள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பு மாங்குளத்தில் கலியாணம் செய்திருக்கும் அக்காவுக்கே கேட்டிருக்கும். அப்பா போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேளம் கிடைச்சுதோ, பிள்ளை?"

"ஓம் அப்பா, கிடைச்சுது."

"அப்ப சரி" என்றார். கதிரையில் அவர் விரல் தாளம் போடுவது போனில் கேட்டது.

ஊருக்குத் திரும்பி வரும்போது அப்பாவுக்கு ஒரு மாதல் வாங்கி வந்தேன். இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பைலும் மாதலும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. நான் சந்தைக்குப் புறப்பட்டாலும் யாராவது ஒருவர் "பைல் இருக்கோ, மேளம் எங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. போன தைப்பொங்கலுக்கு வந்த அக்கா, அம்மாவைச் சீண்டினா: "அம்மா, இனி ஒருக்கால் ஓட வேண்டி வந்தால் எதை எடுப்பியள்?"

அம்மா பொங்கல் பானையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பைலை நீங்கள் ஆரும் தூக்குங்கோ" என்றா. "மேளத்தை நான் கொண்டுவாறன்."