ஒரு தட்டு ரோஸ்ட்டுக்காக ஒரு ஃப்யூஸ்

இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி ரோஸ்ட் தின்றே தீருவேன், இல்லாவிட்டால் என் பெயர் செட்ரிக் ஆக்ராய்ட் இல்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தேன். தோட்டத்துக் கொட்டகைக்குள் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில்தான் எடுத்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

காரணத்தைக் கேட்டால் உங்களுக்கே கண்ணீர் வரும். வசந்தம் தொடங்கும்போது டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். என் மனைவி மியூரியலும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் 'கொஞ்சம்' வளர்ந்து 'எல்லாம்' ஆகிவிட்டது. வெண்ணெய் போயிற்று. பன்றி வறுவல் போயிற்று. கடைசியில் ஞாயிறு ரோஸ்ட்டும் போயிற்று. அந்த இடத்தில் காட் மீன் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. உப்பில்லாமல் ஓவனில் வெந்த மீன். தட்டும் வெள்ளை, மீனும் வெள்ளை. கண்ணாடி போடாமல் உட்கார்ந்தால் சாப்பாடு வந்துவிட்டதா இல்லையா என்றே தெரியாது.

யார்க்‌ஷயர்க்காரனுக்கு ஞாயிறு மத்தியானம் ரோஸ்ட் இல்லையென்றால் அது ஞாயிறே இல்லை ஐயா, இன்னொரு திங்கள்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு வில்ஃப் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னடா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"நாளைக்கும் மீன்தான்டா."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட?"

"மியூரியல்கிட்ட."

"எங்கே, நீ போய்ச் சொல்லு பார்ப்போம்."

வில்ஃப் உடனே பேச்சை மாற்றினான். "உங்க வீட்டு அடுப்பு கரண்ட் அடுப்புதானே?"

"ஆமா. அடுப்பு, ஓவன் ரெண்டும் ஒரே ஃப்யூஸ்."

"ஃப்யூஸ் போச்சுன்னா மீன் எப்படி வேகும்? மீன் வேகலைன்னா சாப்பாடு எங்கே?"

"கிழட்டுக் கிடாவுல!" என்று நான் கத்தியே விட்டேன். பிறகு ஜன்னலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

கிழட்டுக் கிடா எங்கள் தெரு முனையில் இருக்கும் பப். ஞாயிறு மத்தியானம் அங்கே கார்வரி நடக்கும். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரே நடை, அதுதான் சட்டம். வெள்ளைத் தொப்பி போட்ட டெரெக் கத்தியைத் தீட்டி, மாட்டுத் தொடையோ பன்றித் தொடையோ கேட்டதை அறுத்துத் தட்டில் போடுவான். அதற்கப்புறம் காய்கறியும் உருளைக்கிழங்கும் அவரவர் சாமர்த்தியம்.

என் சாமர்த்தியம் ஊரறிந்தது. மசித்த உருளைக்கிழங்குதான் எனக்குச் சிமெண்ட். வறுத்த உருளைக்கிழங்கைச் சுற்றிலும் அடுக்கிக் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவேன். உள்ளே கேரட், பட்டாணி. உச்சியில் யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் மாவுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நிறுத்தி அதற்குள் கிரேவியை ரொப்புவேன். ஒரு பட்டாணி உருளாமல் மேஜைக்குக் கொண்டுவருவேன். நான் தட்டோடு நடந்தால் பெரியவர்கள் எழுந்து வழிவிடுவார்கள்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து மியூரியல் குளிக்கப் போன நேரம் பார்த்து ஃப்யூஸைப் பிடுங்கினேன். கொட்டகையில் என் பழைய மீன்பிடி பூட்ஸுக்குள் போட்டு ஒளித்தேன். மியூரியல் அந்த பூட்ஸைத் தொடமாட்டாள். நாற்றம் அப்படி.

ஞாயிறு காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"செட்ரிக், ஓவன் சூடாகலை."

"ஐயையோ!" என்றேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அடுப்பும் எரியலை."

"சேச்சே! இன்னிக்கு எந்த எலக்ட்ரீஷியனும் வரமாட்டானே. அப்ப அந்த மீன்..."

"மீன் கெட்டுப்போகாது. ஃப்ரிட்ஜ் ஓடுது" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிழட்டுக் கிடாவுக்குப் போலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு பிரசங்கமே தயார் பண்ணி வைத்திருந்தேன். அதில் இரண்டு இடத்தில் குரல் தழுதழுப்பதாக ஏற்பாடு. எல்லாம் வீண்.

"நீ முன்னாடி போய் வாசல்ல நில்லு. நான் குடையை எடுத்துட்டு வரேன்" என்றாள்.

வானத்தில் மேகமே இல்லை. இருந்தால் எனக்கென்ன? வாசலில் நின்று விசிலடித்தேன். அவள் குடை தேடி வரச் சற்று நேரமாயிற்று.

பப்பில் ஊரே நின்றது. எங்கள் ஊரில் மேஜைக்காக யாரும் சண்டை போடமாட்டார்கள். நீங்கள் தும்முவதற்கு எழுந்தால் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை காலியானது. பாய்ந்து பிடித்தேன். அடுத்த மேஜையில் வில்ஃப். அவன் தட்டிலிருந்த குன்றுக்குப் பின்னாலிருந்து கண்ணடித்தான்.

"யாராவது ஒருத்தர் இடத்தைப் பார்த்துக்கணும்" என்றாள் மியூரியல்.

"நீ உட்காரு. நான் போய் உனக்கும் சேர்த்து எடுத்துட்டு வரேன்."

"உனக்கு முழங்கால் வலின்னு நேத்துதானே புலம்பினே? புல் வெட்டச் சொன்னப்ப?"

புலம்பியது உண்மை. அந்த முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மாட்டுக்கறி, மியூரியல்! ஓரத்துத் துண்டு! நல்லா முறுகினது!" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். சரி என்பதற்கா, சும்மா இரு என்பதற்கா, தெரியவில்லை.

வந்தாள், கை இரண்டிலும் தட்டு. ஒன்றில் ஒரு மலை. மாட்டுக்கறி, பக்கத்திலேயே பன்றியின் மொறுமொறுத் தோல், சுற்றிலும் உருளைக்கிழங்கு மதில், உச்சியில் யார்க்‌ஷயர் புட்டிங், அதில் தளும்பத் தளும்பக் கிரேவி. ஒரு பட்டாணி உருளவில்லை. என் கண் கலங்கிவிட்டது. என் கட்டடக் கலையை இத்தனை வருஷமாக இவள் கவனித்து வந்திருக்கிறாள்!

அந்தத் தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

என் முன்னால் வந்தது இன்னொன்று. வெந்த கேரட், வெந்த முட்டைக்கோஸ். தோலுரித்த வான்கோழி ஒரே ஒரு சீவல். அந்தச் சீவல் வழியாகத் தட்டின் பூவேலை தெரிந்தது.

"என்ன இது?"

"கார்வரி."

"என் ரோஸ்ட் எங்கே?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொஞ்சம்னு சொன்னார்!"

"அதான் கொஞ்சமா எடுத்துட்டு வந்தேன்."

இன்னொரு தட்டுக்கு வழியில்லை. என் பங்குத் தட்டு எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து முழித்தது. பக்கத்து மேஜையில் வில்ஃப் சிரிப்பை அடக்கப் போய், பட்டாணி புரையேறித் தவித்தான்.

ஆனால் நானும் லேசுப்பட்டவனா? கடுகு சாஸ் ஜாடி டெரெக்கின் மேஜைக்குப் பக்கத்தில், கூட்டத்துக்கு அந்தப் புறம் இருந்தது. அவள் போய்வர எப்படியும் நேரமாகும். அதற்குள் அந்த மதிலில் பாதியைத் தகர்த்துவிடலாம்.

"மியூரியல் கண்ணு, கொஞ்சம் கடுகு சாஸ் எடுத்துட்டு வாயேன். முழங்கால் ரொம்ப வலிக்குது."

"இதோ" என்று எழுந்தாள். போனாள். தன் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து என் கேரட்டுக்குப் பக்கத்தில் கடுகு சாஸ் வைத்தாள். தன் யார்க்‌ஷயர் புட்டிங்கில் இன்னும் கொஞ்சம் கிரேவி ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மொறுமொறுத் தோலை அவள் கடித்த சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. வயிறு எரிந்தது ஐயா, சொல்லி மாளாது.

"இரக்கமே கிடையாதா உனக்கு? வசந்தத்திலேருந்து அந்த மீனைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு!"

அவள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தாள்.

"நான் என்ன தின்னேன், செட்ரிக்?"

யோசித்தேன்.

"எதிர்த்தாப்புல உட்கார்ந்து அதே மீனைத்தானே தின்னேன்? நீ மட்டும் தின்னா உன் மனசு உடைஞ்சு போயிடுமேன்னு நானும் தின்னேன். எனக்கு எந்த டாக்டர் சொன்னார்? நீ செத்துக்கித்துப் போயிடுவியோன்னு பயந்துக்கிட்டுத் தின்னேன்."

வில்ஃப்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தான். என் சொந்தக் கேரட்டைக் குத்தி வாயில் போட்டேன்.

"சாப்பிடு மியூரியல், நல்லாச் சாப்பிடு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "ஏதோ, ஓவன் கெட்டதால உனக்காவது ஒரு நாள் ரோஸ்ட் கிடைச்சுதே."

"ஆமா. உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்கு?"

"ஓவன் கெட்ட வீட்டுல யாராவது விசிலடிப்பாங்களா?" என்றபடி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டையிலிருந்து என் மீன்பிடி பூட்ஸின் வாசனை குப்பென்று வந்தது.

"அப்ப... ஃப்யூஸ்?"

"குடை தேடினப்பவே மாட்டிட்டேன், கண்ணு. சீக்கிரம் சாப்பிடு. உன் மீன் ஓவன்ல வெந்துக்கிட்டிருக்கு."