யாருடைய பன்னிரண்டு?

"பன்னிரண்டு மணின்னா யாரோட பன்னிரண்டு?" என்று மென்னோ மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

மனைவி மேட்டி ரொட்டி மாவைப் பிசைந்தபடியே, "சொன்னது உங்க சம்பந்தி. அப்ப அவரோட பன்னிரண்டுதான்," என்றாள்.

அமெரிக்காவின் ஓஹையோவில், ஓர் ஓடைக்கு இரு கரையிலும் கார் வாங்காமல் குதிரை வண்டியிலேயே போகும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள். அக்கரைச் சபையார், மார்ச் வந்தால் அரசாங்கத்தின் கோடைக்கால நேரப்படி ஊரோடு சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். இக்கரைச் சபையார் தள்ளுவதில்லை. சூரியனுக்கு அரசாங்கம் உத்தரவு போடுவதாவது! மென்னோ இக்கரை, சம்பந்தி யோஸ்ட் அக்கரை.

யோஸ்ட் தன் கறுப்புக் குதிரையை விற்கப் போகிறார். திங்கட்கிழமை பன்னிரண்டு வரை மென்னோவுக்காக வைத்திருப்பாராம், தாண்டினால் தரகருக்கு. மென்னோவின் கிழட்டுக் குதிரைக்கோ ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. அதோடு, போன வருஷம் விருந்துக்குப் பிந்திப் போனபோது, "உங்க கரையில சேவலும் லேட்டாத்தான் கூவுமா?" என்று யோஸ்ட் எல்லார் முன்னாலும் கேட்டது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

திங்கள் காலை சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து மென்னோ அலறினார்.

"பத்து! அப்ப அங்க பதினொண்ணு! போய்ச் சேரவே ஒரு மணி நேரமாகும். கிளம்பு, கிளம்பு!"

மேட்டி மாவுக் கையோடு வண்டியில் ஏறினாள். பாதி வழியில் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க குழம்பக் கூடாதேன்னு, நேத்து ராத்திரியே நான் கடிகாரத்தை அவங்க மணிக்குத் தள்ளி வச்சுட்டேங்க."

"அடிப்பாவி! அப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிப்போமே!"

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? இவ்வளவு ஆசையான்னு விலையை ஏத்திடுவான்!"

ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, குதிரையை அவிழ்த்து மேயவிட்டார். ஒரு மணி நேரம் ஓடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேட்டியின் கையிலிருந்த மாவு காய்ந்து உதிர்ந்தது.

அக்கரை ஊரின் நடுப்பகல் சங்கு ஊதவும், வண்டி யோஸ்ட் வீட்டு வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"சம்பந்தி! சங்கு ஊதுது, நான் நிக்கிறேன், பாத்துக்கங்க!" என்று மென்னோ மார்பை நிமிர்த்தினார்.

லாயம் காலியாகக் கிடந்தது. யோஸ்டின் மனைவி லவைனா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"கேலி பண்ணினது அவருக்கே உறுத்திச்சாம் அண்ணா. இந்தத் தடவை உங்க மணிதான் கணக்குன்னு, குதிரையையும் தரகரையும் கூட்டிக்கிட்டு மேட்டுப் பாதையில உங்க வீட்டுக்கே போயிட்டாரு. உங்க பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க!"