மாளிகைத் தெருவில் செருப்புக்குத் தடை

“செருப்பக் கழட்டுன்னா கழட்டணும். எதுத்துப் பேசக் கூடாது.”

“கால்ல சர்க்கரைப் புண்ணுய்யா. வெறுங்காலோட நடந்தா காலையே எடுக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. என் கால் போனா நீயா குடுப்ப?”

“அதெல்லாம் மனு போட்டுக் கேளு.”

கடல்முக நாட்டின் மாளிகைத் தெருமுனையில், உச்சிவெயிலில், மீன் விற்கும் பவளாயிக்கும் காவலர் சடையாண்டிக்கும் நடந்த சண்டை இது. அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நீண்ட வரிசை. சந்தைக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு காலத்தில் அந்த நாட்டைக் கப்பல்காரர்கள் ஆண்டார்கள். உப்பையும் மிளகையும் அள்ளிக்கொண்டு போனதைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். துரையின் மாளிகையைக் கடக்கும்போது காலில் எதுவும் இருக்கக் கூடாது என்ற சட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு கோடையில் சுமை தூக்கும் மருதாயி கழற்ற மறுத்தாள். சவுக்கடி விழுந்தது. மறுநாள் ஊரே செருப்போடு அந்தத் தெருவில் இறங்கியது. கப்பல் கிளம்பும்வரை யாரும் வீடு திரும்பவில்லை.

மாளிகைக்கு நம்மவர்கள் குடிபோனார்கள். மருதாயியின் செருப்பு என்று ஒன்றை வாசலில் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். விடுதலை நாளன்று மட்டும் அதன் முன் செருப்பைக் கழற்றுங்கள் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று ஜனங்களும் கழற்றினார்கள். அடுத்த அரசு வெள்ளிக்கிழமைதோறும் என்றது. அதற்கடுத்த அரசு தினமும், தெரு முழுக்க என்றது. தார் உருகும் நேரமே தியாகத்தை உணர உகந்தது என்று அறிக்கையும் வந்தது. அமைச்சர்கள் காரில் போனார்கள். காருக்குள் இருக்கும் செருப்பு தரையைத் தொடுவதில்லை என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது.

சத்தம் கேட்டு நினைவுக்காப்பு அமைச்சர் அதிவீரபாகு, தெருமுனையை ஒட்டியிருந்த மாளிகை வாசலுக்கு வந்தார்.

“அம்மா, அன்று அடிமையாகக் கழற்றினோம். இன்று சுதந்திரமாகக் கழற்றுகிறோம். வித்தியாசம் புரியவில்லையா?”

“காலுக்குப் புரியலைங்க.”

வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

“அன்னையின் புனிதச் செருப்பை அருகில் வந்து பார். தானாகக் கழற்றுவாய்.”

பவளாயிக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம். பேழையருகே போய்க் குனிந்து பார்த்தாள். தடித்த தோல், பித்தளைக் கொக்கி, ஆண்பிள்ளைக் கால் அளவு.

“ஐயா, மருதாயி என்னைப் பெத்தவ. அவளுக்கு ஏதுங்க தோல் செருப்பு? அன்னிக்கு பாக்குமட்டையத்தான் கால்ல கட்டியிருந்தா. இது அந்தத் துரையோடது.”

அமைச்சர் பேழையைத் துணியால் மூடச் சொன்னார். “வரலாறு அறியாத பேச்சு! இவள் செருப்பைப் பறிமுதல் செய்யுங்கள்!”

சடையாண்டி பிடுங்கிக்கொண்டு அவளைத் தெருவில் தள்ளினான். புண்பட்ட கால் தாரில் பட்டதும் பவளாயி அலறினாள்.

அப்போது வரிசைக்குள்ளிருந்து ஒரு ஜோடி செருப்பு பறந்து வந்து அவள் முன்னே விழுந்தது. அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.

“யார்றா போட்டது?” என்று கத்தினான் சடையாண்டி. “சொல்றவனுக்கு இந்தத் தெருவுல ஆயுசுக்கும் செருப்பு போட அனுமதி!”

எல்லோரும் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். ஆனால் கண்கள் மட்டும் அக்கம்பக்கம் அலைந்தன.

நீங்கள் அந்த வரிசையில் நின்றிருந்தால், பக்கத்து ஆளின் கை காலியாக இருப்பதைப் பார்த்திருந்தால், சொல்லியிருப்பீர்களா? மழுப்பாமல் கீழே பதில் எழுதுங்கள்.