ஸ்கேல் சார் வரைந்த கல்யாணக் குன்று

உலகத்தின் சகல கோளாறுகளுக்கும் ஒரே காரணம், ஒன்றாகப் புறப்பட்டவர்கள் ஒன்றாகப் போய்ச் சேராததுதான் என்று நம்பிய ஆள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். எழுபதுகளில் போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய் எண்ணெய் லேபில் சீனியர் கெமிஸ்ட். சட்டைப் பையில் சதா ஒரு ஸ்கேல் இருக்கும். அதனால் ஸ்கேல் சார்.

எண்ணெயில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் எங்கள் குரோமட்டோகிராஃப் மெஷினுக்குள் பொடி அடைத்த நீளக் குழாய் ஒன்று சுருண்டு கிடக்கும். ஒரு முனையில் ஊசியால் ஒரு சொட்டு ஏற்றினால் மறுமுனையில் வெளியேறும்போது, பேனா காகிதத்தில் குன்று வரையும். ஏறியதெல்லாம் ஒன்றாக வெளியேறி குன்று ஒல்லியாக இருந்தால் நல்ல குழாய். தொந்தி போட்டாலோ பின்னால் வால் நீண்டாலோ தண்டம். தினமும் காலையில் ஸ்கேல் சார் பூதக்கண்ணாடியோடு குன்றின் பாதி உயரத்தில் அகலத்தை அளப்பார். சொட்டு வந்து சேர்ந்த நேரத்தை அந்த அகலத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஐந்தரைச் சொச்சத்தால் பெருக்குவார். எண் குறைந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இதோடு விட்டாரா? டீ குடிக்கப் போன எங்களையும், நிமிடத்துக்கு எத்தனை பேர் திரும்புகிறோம் என்று வாசலில் கடிகாரத்தோடு நின்று எண்ணி, குன்றாக வரைந்தார்.

"ஏப்பா, ஒண்ணாத்தானே போனீக? எரும படுத்த மாதிரியில்ல இருக்கு உங்க குன்னு!"

அப்பேர்ப்பட்டவரிடம் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். கெங்குவார்பட்டியில் பெண். எட்டரைக்குள் முகூர்த்தம், தவறினால் ஆடி கழிந்துதான். என் சொந்தங்களோ வெற்றிலைக்கு ஒருவர், காபிக்கு ஒருவர் என்று தெருவெல்லாம் சிதறுகிற ஜாதகம்.

"கவலைய விடு. ஊசியில சாம்பிள ஏத்துற மாதிரி உங்காளுகளையும் ஒரே அமுக்கா அமுக்கிருவோம்" என்றார்.

கல்யாணத்தன்று காலை, தெருவுக்குள் நுழைய முடியாமல் வேன் மெயின் ரோட்டில் நின்றது. மண்டபத்துக்குப் பத்து நிமிட நடை. நாற்பது பேரையும் நெருக்கி நிறுத்தினார். தாம்பாளம் தூக்கிய என் மாமாவை மட்டும் தடுத்தார். "கனமான சரக்கு பின்னாடிதான் வரும். வேன்லயே வச்சிட்டு வெறுங்கையா நடங்க." விசில் ஊதிவிட்டு, வாடகை சைக்கிளில் முன்னால் பறந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது பேரும் ஒரே நிமிடத்துக்குள் மண்டபம் நுழைந்தோம். ஸ்கேல் சார் வாசலில் நின்று குன்று வரைந்து, கண்கலங்கி, "ஊசி மாதிரி இருக்குய்யா!" என்றார்.

அப்போது மணி ஏழரை. சடங்கெல்லாம் முடித்து அய்யர் தாலியைக் கேட்டபோது எட்டு பத்து.

மாமா வெறுங்கையைப் பார்த்தார். "தாலி தாம்பாளத்துலல்ல இருக்கு! ஸ்கேல் சாருதான் வேன்ல விடச் சொன்னாக!"

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துபோனேன். ஸ்கேல் சார் சைக்கிளை எடுத்தார், செயின் கழன்றது. அங்கேயே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது மனிதர்!

எட்டு இருபத்தெட்டுக்குத் தாம்பாளத்தைத் தலையில் ஏந்தியபடி வந்து சேர்ந்தார். தாலி ஏறியது.

மொய்க் கவருக்குள் அவர் வரைந்த படம் இருந்தது. ஊசி போல ஒரு குன்று. அதற்கு வெகுதூரம் தள்ளி, தனியாக, ஒரு சின்ன மேடு. தன் தாமதத்தையும் ஒளிக்காமல் வரைந்திருந்தார்.

நான் தாலி கட்டும்போது அவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் எந்த போட்டோவிலும் இல்லை. அதனால் எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் ஒட்டியிருக்கிறோம். பேரன் பேத்திகள் கேட்டால், என் மனைவி அந்தச் சின்ன மேட்டைத் தொட்டுக் காட்டி, "இவுகதான் ஸ்கேல் சாரு" என்பாள்.