ஒரே கப்பலை இருவர் மூழ்கடித்த வைபவம்

கடலில் ஒரு போரை ஜெயிப்பது பெரிய காரியமில்லை, கண்ணுகளா. பீரங்கியும் கொஞ்சம் முன்கோபமும் இருந்தால் போதும். ஜெயித்த போரை முப்பது வருஷம் கழித்துக் காகிதத்தில் ஜெயிப்பதற்குத்தான் மகான்கள் வேண்டும். அப்படிப்பட்ட மகான்கள் மூன்று பேர், ஒரு தலைவரும் சண்டைக்குப் போன இரண்டு கேப்டன்களும், கடற்படை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கால் ஆடும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதவில் 'முரண்பாடு நீக்கும் உயர்நிலைக் குழு' என்று பலகை தொங்கியது.

முரண்பாடு இதுதான். பனிமூட்டத்தில் நடந்த அந்தச் சண்டையில் நாம் மூழ்கடித்தது ஒரே ஒரு எதிரிக் கப்பல். மூழ்கடித்தவர்களோ இரண்டு பேர். "காலை பத்து மணிக்கு நான்" என்றது மீசைக் கேப்டனின் கப்பல் குறிப்பேடு. "பகல் பன்னிரண்டுக்கு நான்" என்றது கண்ணாடிக் கேப்டனுடையது. வெற்றித் தூணில் யார் பெயரை மேலே செதுக்குவது?

எதிரியின் குறிப்பேடும் கைவசம் இருந்தது. 'பனி அதிகம். யாரும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. சமையலறைக்குப் பெயின்ட் அடித்தோம்.' தோற்றவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று குழு ஒருமனதாக வியந்து, அதைத் தள்ளிவைத்தது.

மூலையில் ஊசியும் நூலும் வைத்துக் கப்பல் போன வழியைக் குத்திக்கொண்டிருந்தாள் வரைபடக்காரி. அவள் அப்பா அதே சண்டைக்குப் போன நம் மூன்றாவது கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். கப்பல் திரும்பவில்லை. குறிப்பேடும் வரவில்லை. குறிப்பேடு இல்லாத கப்பல் போரில் இல்லாத கப்பல் என்பது விதி. ஆகவே 'தப்பி ஓடியது' என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அவள் அம்மா, புகைபோக்கிக்கு முன்னால் அவர் பல்லைக் காட்டி நிற்கும் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியவள்தான். இன்று காலைகூட, "சண்டையை விட்டு ஓடினாரா, என்னை விட்டு ஓடினாரா? அதை மட்டும் கேட்டுட்டு வா" என்றுதான் அனுப்பினாள்.

தலைவர் முதலில் சராசரி எடுத்தார். பதினொரு மணி. அந்த நேரத்தில் இரண்டு கப்பலிலும் டீ குடித்துக்கொண்டிருந்ததாகக் குறிப்பு சொன்னது.

"ஐயா, மீசை கேப்டன் கப்பல்ல கடிகாரம் ஊர் நேரம். கண்ணாடி கேப்டன் கப்பல்ல போற வழியெல்லாம் அந்தந்த இடத்து நேரத்துக்கு முள்ளை நகர்த்தியிருக்காங்க," என்றாள் வரைபடக்காரி. "ரெண்டும் ஒரே நேரம்தான். சுட்ட இடமும் ஒண்ணுதான்."

தலைவர் துள்ளி எழுந்தார். மேஜை ஆடியது. "ஒரே நொடி! ஒரே கப்பல்! ரெண்டு சிங்கம்!"

முப்பது வருஷமாக முகம் பார்க்காத கேப்டன்கள் கட்டிக்கொண்டார்கள். மீசை கண்ணாடியில் சிக்கிக்கொண்டதால் பிரிய நேரமானது.

"கப்பல் எப்படி இருந்துச்சு? தூண்ல செதுக்கணும்ல!" என்றார் தலைவர்.

"ரெண்டு புகைபோக்கி. முன்னால இருந்தது குடிகாரன் மாதிரி சாஞ்சு நின்னுச்சு," என்றார் மீசை.

"அந்தப் புகைபோக்கியோட அடிவயித்துல சதுரமா ஒரு தகர ஒட்டு! மறக்க முடியுமா?" என்றார் கண்ணாடி.

வரைபடக்காரி கையில் இருந்த ஊசி நின்றது. "அது எங்க அப்பா போட்ட ஒட்டு. வீட்டுல போட்டோ இருக்கு."

கேப்டன்கள் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். பிறகு நம் தேசத்தின் அரும்பெரும் குணமான தன்னடக்கம் அந்த அறைக்குள் நுழைந்தது.

"நீங்கதானே முதல்ல சுட்டீங்க? எல்லாப் பெருமையும் உங்களுக்கே," என்றார் கண்ணாடி.

"ஐயய்யோ, எனக்கெதுக்கு! என் குண்டு தண்ணியில விழுந்துச்சு. நாலு மீன் செத்துச்சு, அவ்வளவுதான்."

"நான் பன்னெண்டுக்குத்தான் வந்தேன். அப்ப அங்க கப்பலே இல்ல!"

"அதான் நேரம் ஒண்ணாயிடுச்சே!"

"அது இந்தப் பொண்ணோட கடிகாரம்யா! என் கடிகாரத்துல நான் நிரபராதி!"

தலைவர் கனிவோடு தீர்ப்புச் சொன்னார். 'மூன்றாவது கப்பல் ஓடவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றபடியே கடலால் வீழ்த்தப்பட்டது.'

"கடலா, ஐயா?"

"கடல் மறுப்புக் கடிதம் எழுதாதும்மா. உங்கப்பா பேரு தூண்ல முதல் பேரு. சந்தோஷம்தானே?"

முரண்பாடு நீங்கியது. குழு டீ குடித்தது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள். "எதை விட்டு ஓடினாராம்?"

"எதையும் விட்டு ஓடலம்மா. சொன்ன இடத்துலயே நின்னிருக்காரு. பனிக்குள்ள நம்ம கப்பல் ரெண்டும் வந்து..."

அம்மா போட்டோவைத் திருப்பினாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். இளித்துக்கொண்டிருந்த முகத்தையும் பின்னால் இருந்த தகர ஒட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவி மனுஷா," என்றாள். "வர்றது நம்மாளுங்கன்னு தெரிஞ்சதும் ஓடியிருக்கக் கூடாதா?"